பெரிய பேரும் கேள்விப்படாத பேரும்

மார்ச் 14, செவ்வாய்

காலை 148/86. இந்த நோட்டில் ரத்த அழுத்தத்தை மட்டும் எழுதச் சொன்னார் டாக்டர். 'மட்டும்' என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை, அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

மேல் மாடியிலிருந்து ஓர் அலறல். வெந்நீரைக் கொட்டிக்கொண்டாளோ என்று ஓடினேன். என் முழங்காலுக்கு ஓட்டம் என்றால் ஒரு மாடிக்கு ஐந்து நிமிடம். பேத்தி ஜசிந்தா தரையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். "வவோ, இதுவும் கிடைச்சிருச்சு!" வவோ என்றால் எங்கள் போர்த்துக்கீசியத்தில் பாட்டி.

இன்னொரு சட்டக் கல்லூரி. போன மாதம் பெரிய பேரில் இடம் கிடைத்தது. அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன், கண் பட்டுவிடும். மீன் கடைக்காரனுக்குத் தெரிந்த பேர். நான் விட்டு வந்த அசோரஸ் தீவில் இன்னும் இருக்கும் என் தங்கைக்கும் தெரியும், அவளுக்கு அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. இன்று கிடைத்தது வேறு. பேரைச் சொன்னாள். திரும்பச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறையும் இருமல் மருந்தின் பேர் மாதிரிதான் காதில் விழுந்தது.

"சட்டத்துக்கு இதுதான் முதல் இடம், வவோ. பட்டியல்லயே இருக்கு."

"எந்தப் பட்டியல்ல?"

"எல்லாப் பட்டியல்லயும்."

எங்கள் தேவாலயத்துப் படிக்கட்டில் நிற்கும் பெண்கள் வாயில் ஒரு பட்டியல் உண்டு, அதில் இது இல்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லாமல் இருந்தேன். பிறகு சொன்னேன். கோபித்துக்கொண்டாள்.

மார்ச் 19, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் எத்தல்வினா. அவள் மகனுக்கு நான் ஞானத்தாய். அதனால் ஐம்பது வருடமாக ஒருவரை ஒருவர் 'கொமாத்ரெ' என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது. மனதுக்குள் கூப்பிடும் பேர்கள் வேறு. அவள் பேரன் பல் டாக்டர். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானூறு முறை சொல்லியிருக்கிறாள்.

"கொமாத்ரெ, ஜசிந்தாவுக்கு எங்கயாவது கிடைச்சுதா? கிடைக்கலேன்னா மனசு விட்டுடாதீங்க. என் பேரன் கிளினிக்ல ஃபோன் எடுக்க ஆள் தேடறான்."

பெரிய பேரைச் சொன்னேன். அவசரப்படாமல், மிட்டாயை வாயில் உருட்டுவது போலச் சொன்னேன். எத்தல்வினாவின் கையிலிருந்த செபமாலை கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்து நிமிர வெகுநேரம் ஆனது. அவ்வளவு நேரமும் என்னுடையது.

"அப்ப அங்கதான் சேர்றாளா?"

"பின்ன?"

இது பொய் இல்லை. 'பின்ன' என்பது கேள்வி. கேள்வி எப்படிப் பொய்யாகும்? வீட்டில் ஒரு வக்கீல் வரப்போகிறாள், கொஞ்சம் எனக்கும் ஒட்டாதா?

மார்ச் 20, திங்கள்

காலை 131/79. இரண்டு வருடத்தில் இதுதான் குறைவு. மருந்தை மாற்றவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

கோஸுக் கீரை சூப் வைத்தேன். ஜசிந்தா தட்டை ஒதுக்கிவிட்டு மேசைமேல் ஒரு தாளை விரித்தாள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பச்சை மை, வலப்பக்கம் ஊதா. பெரிய பேரில் ஒரு வருடத்துக்கு ஐந்நூறுக்கு மேல் பிள்ளைகளாம். கேள்விப்படாததில் இருநூறுதானாம். அங்கே முதல் வருடத்திலேயே ஆசிரியரோடு கோர்ட்டுக்குப் போய், வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்களுக்காக நிற்கலாமாம். இவள் இரண்டு வருடமாக ஓர் இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் இதே ஜனங்களுக்குத்தான் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். படிவம் போதவில்லையாம், நிற்க வேண்டுமாம். உதவித்தொகை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, அதனால் அந்தச் சண்டை இல்லை. இருந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

"எனக்கு அங்க ஃபிட் ஆகும்னு தோணுது, வவோ."

ஃபிட்! முப்பத்தெட்டு வருடம் தையல் மில்லில் கோட்டுக்குக் கை பொருத்தியிருக்கிறேன். ஃபிட் என்றால் தோள் மடிப்பு. கல்லூரிக்குத் தோள் எங்கே இருக்கிறது?

என் மகள் லூர்து, ஜசிந்தாவின் அம்மா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் அவளே எழுந்துவிட்டாள். "அம்மா, நீயும் அவளும் என்னை விட்டுருங்க. அவ வாழ்க்கை. நீ வாயை மூடிக்கோ, போதும்."

நான் வாயை மூடினேன். சூப் குடிக்கத் திறந்தபோது இரண்டு வார்த்தை வந்துவிட்டது.

ஏப்ரல் 1, சனி

பெரிய பேரில் இன்று 'இடம் கிடைத்தவர்கள் நாள்'. வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாமாம். லூர்து ஏதோ பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பஸ் ஓட்டப் போய்விட்டாள். நல்லவேளை.

விடியுமுன் எழுந்து இனிப்பு ரொட்டி சுட்டேன், ஈஸ்டருக்குச் சுடுவது போல மேலே முட்டை பதித்து. எங்கள் பாஷையில் குன்யா என்று ஒரு வார்த்தை உண்டு. ஆப்பு என்று அர்த்தம். மூடப்போகிற கதவின் இடுக்கில் ஓர் ஆப்பைச் செருகினால் கதவு திறந்தே இருக்கும். என்னை மில்லில் சேர்த்துக்கொண்டதற்கு என் அம்மா மேஸ்திரிக்குக் கொடுத்த இரண்டு கோழிகள்தான் ஆப்பு. அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை, கோழிகளைத் தவிர.

கட்டடமா அது! மாதா கோயில்கூட அவ்வளவு உயரமில்லை. சேர்க்கை அலுவலகத்து அம்மாள் ஒருத்தி கை கொடுத்தாள். நான் ரொட்டியைக் கொடுத்தேன். "என் பேத்தி. கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கம்மா. உதவித்தொகையில இன்னும் கொஞ்சம்..."

அவள் சிரித்தபடியே ரொட்டியை இரண்டு கையாலும் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தாள், ஈரத்துணி கட்டிய குழந்தையைப் பிடிப்பது போல.

ஜசிந்தாவின் முகம் மிளகாய்ப்பழம். காரில் ஏறினதும் ஆரம்பித்தாள். "சட்டம் படிக்கப் போறேன், வவோ! முதல் நாளே லஞ்சமா?"

"ரொட்டிடி! லஞ்சத்துல யாராவது முட்டை பதிப்பாங்களா?"

"எதையாவது எதிர்பார்த்துக் குடுத்தா லஞ்சம்தான்."

"எதையும் எதிர்பாக்காம யாருடி ரொட்டி குடுக்கறா?"

பதில் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீடு வந்து சேரும்வரை அவள் எதற்குமே பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, புதன்

பெரிய பேரிலிருந்து ஜசிந்தாவுக்கு மின்னஞ்சல். ரொட்டிக்கு மனமார்ந்த நன்றியாம். ஊழியர்கள் பரிசு வாங்கக் கூடாது என்பதால் மாணவர்களின் பொது அறையில் வைத்துவிட்டார்களாம், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டதாம். உதவித்தொகையில் மாற்றம் இல்லையாம்.

நான் செருகிய ஆப்பு கதவில் நிற்காமல் கீழே விழுந்தது. பத்து நிமிடம் என்பதை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 13, வியாழன்

கேள்விப்படாததைப் பார்க்க ஜசிந்தா தனியாகவே போய் வந்தாள். நான் வருகிறேன் என்றதற்கு, காரில் இடமில்லை என்றாள். காரில் அவள் மட்டும்தான்.

திரும்பி வந்து என் சமையலறையில் உட்கார்ந்தாள். கோபம் தணிந்திருந்தது.

"வவோ, ஒண்ணு சொல்லட்டா? பெரிய பேர்ல அன்னிக்கு நான் பூரா நாளும் மெதுவாப் பேசினேன். கவனிச்சீங்களா? ஏதோ யாரோ தூங்கறாங்க, எழுப்பிடக் கூடாதுங்கற மாதிரி. இங்க ஒரு வகுப்புல கையைத் தூக்கி ப்ரொஃபசர் சொன்னது தப்புன்னு சொல்லிட்டேன். எனக்கே தெரியாம வந்திருச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"நான் சொன்னதுதான் தப்புன்னார். ஆனா அரை மணி நேரம் சண்டை போட்டோம்!"

தப்பு என்று பிறர் முன் சொல்லப்படுவதற்கு இத்தனை சந்தோஷமா? என்னை மில்லில் இலவசமாகவே சொல்வார்கள்.

மெதுவாகப் பேசினாளாம். பெரிய இடத்தில் மெதுவாகப் பேசுவதற்குப் பேர் மரியாதை. கொஞ்ச நாளில் பழகிவிடும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

பரிசுத்த ஆவியின் கிரீடம் இன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. ஈஸ்டரிலிருந்து ஏழு வாரம், வாரத்துக்கு ஒரு வீடு. எந்த வாரம் யாருக்கு என்பதைப் போன வருடமே சீட்டுக் குலுக்கி எடுத்துவிடுவார்கள். எனக்கு மூன்றாம் வாரம் விழுந்தது. முன்னறையில் மூன்று படி கட்டி, வெள்ளைத் துணி விரித்து, உச்சியில் வெள்ளித் தட்டில் கிரீடத்தை வைத்தோம். இனி ஒவ்வொரு சாயங்காலமும் செபமாலை, அப்புறம் காப்பி, பால்சோறு, தொத்திறைச்சி. ஊரே வரும்.

கல்லூரிக்கு முடிவு சொல்ல வேண்டிய கடைசி நாள் மே ஒன்று. பரிசுத்த ஆவிக்கு நாட்காட்டி பார்க்கத் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 25, செவ்வாய்

முப்பத்தோரு பேர். பால்சோறு பற்றவில்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை எல்லாரும் ஜசிந்தாவின் கையைப் பிடித்து, பெரிய பேரைச் சொல்லி வாழ்த்தினார்கள். "இன்னும் முடிவு பண்ணலை" என்று முப்பத்தோரு முறை சொன்னாள். எத்தல்வினா என்னைப் பார்த்தாள். நான் பால்சோற்றுக்குப் பட்டைத்தூள் தூவிக்கொண்டிருந்தேன். முக்கியமான வேலை.

ஏப்ரல் 26, புதன்

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள், டாக்டரா?

செபமாலை முடிந்ததும் நான் சொன்னேன்: "ரெண்டும் நல்லதுன்னு நீயே சொல்றே. கிரீடத்துக்கிட்டயே கேட்டுரு. சீட்டுப் போட்டு எடு."

"சட்டக் கல்லூரியைச் சீட்டுப் போட்டா எடுப்பாங்க?"

"வாரத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கறோமே. எப்பவாவது தப்பா விழுந்திருக்கா?"

சுற்றி எல்லாரும் "ஆமாமா" என்றார்கள். அவள் களைத்துப்போயிருந்தாள். தோளைக் குலுக்கி, "சரி, எழுதுங்க" என்றாள்.

உள்ளே போய் இரண்டு துண்டுத் தாள் எடுத்தேன். கல்லூரியிலிருந்து வந்த உறையைப் பார்த்து ஓர் எழுத்து விடாமல் பெரிய பேரை எழுதினேன். அடுத்த தாளை எடுத்தேன். கை வழுக்கிவிட்டது. அதிலும் பெரிய பேர்தான் விழுந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்குக் கை வழுக்காதா?

வெள்ளித் தட்டில் போட்டேன். அவள் கண்ணை மூடாமலே ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வாசித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். எத்தல்வினாகூடச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜசிந்தா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, வவோ. அப்ப அங்கயே போறேன்" என்றாள்.

மற்றச் சீட்டை நான் சமையல் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

ஏப்ரல் 27, வியாழன்

காலை 168/94. உப்பு கூடிவிட்டது போல.

ஏப்ரல் 28, வெள்ளி

உப்பு இல்லை.

மத்தியானம் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மேலே ஜசிந்தா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். பெரிய பேரின் விடுதி அலுவலகம். சின்ன வயதிலிருந்து இவள் குரல் மூன்று மாடிக்கும் கேட்கும், கீழ்வீட்டுக்காரன் இரண்டு முறை புகார் செய்திருக்கிறான். இன்று இருபது படி தூரத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஏறிப் போய் நின்றேன். "ஆமாங்க... சரிங்க... மன்னிச்சுக்குங்க..." என்று எதற்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். விடுதியில் ஓர் அறை கேட்பதற்கு என்ன மன்னிப்பு?

விளக்குமாற்றை வைத்துவிட்டு, பையிலிருந்த சீட்டை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

"நான்தான் எழுதினேன். ரெண்டுலயும் அதேதான். திட்டு."

அவள் அதைத் தொடக்கூட இல்லை. "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தாள் மெலிசு, வவோ. மை பின்பக்கம் தெரியுது. சின்ன காலேஜ் பேரு இதுல பாதி நீளம்கூட இல்லை. தட்டுல போடும்போதே பாத்துட்டேன்."

"தெரிஞ்சும் ஏன்டி சரின்னே?"

"அத்தனை பேர் கை தட்டினாங்க. உங்க முகத்தைப் பாத்தேன். என் பட்டமளிப்பு அன்னிக்குக்கூட நீங்க அப்படி இருந்ததில்லை." அப்புறம் சொன்னாள்: "உங்களுக்கு அது அவ்வளவு வேணும்னா, மூணு வருஷம்தானேன்னு நினைச்சேன்."

"நான் சொல்லாமயே இருந்திருந்தா?"

"போயிருப்பேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், பாவி மகள். போயிருப்பாளாம். மூன்று வருடம் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு... எதுக்கு? எத்தல்வினா செபமாலையைக் கீழே போடணும்னா? அட என் மடத்தனமே. கிரீடத்துக்கு முன்னாடி! என் கையாலயே!

"எங்க போகணுமோ அங்க போ" என்றேன். "ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

"என்னன்னு சொல்வீங்க?"

"உனக்கென்ன? நீ என்ன என் வக்கீலா?"

ஏப்ரல் 29, சனி

சொன்னேன். செபமாலை முடிந்து, தட்டு கைக்கு வருமுன் சொன்னேன். தட்டு வந்துவிட்டால் யார் கேட்பார்கள்?

"புதன்கிழமை சீட்டுல நான் தில்லுமுல்லு பண்ணிட்டேன். ரெண்டு சீட்டுலயும் ஒரே பேர் எழுதினேன். ஜசிந்தா அங்க போகலை. வேற இடத்துக்குப் போறா." இடத்தைச் சொன்னேன்.

தையல் மில்லில் மின்சாரம் போனால் ஒரு நிமிடம் அப்படித்தான் இருக்கும். பிறகு ஒருத்தி, "அது எங்க இருக்கு?" என்றாள். பரிசுத்த ஆவியை ஏமாற்றியதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் கவலை எல்லாம் பேரைப் பற்றித்தான். எங்கிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை.

எத்தல்வினா எழுந்து வந்து என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வேறு.

"மனசு விடாதீங்க, கொமாத்ரெ. பெரிய இடம் எல்லாருக்கும் அமைஞ்சிடுமா? இதுவும் நல்ல காலேஜாத்தான் இருக்கும். பொண்ணு கெட்டிக்காரி, எங்க படிச்சாலும் பொழைச்சுக்குவா."

பெரிய பேர் அவளைத் தள்ளிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்! சட்டத்துக்கு இதுதான் முதல் இடம், எல்லாப் பட்டியலிலும். பல் பிடுங்குகிறவன் பாட்டிக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். ஜசிந்தா காப்பித் தட்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடினேன்.

"ஆமாம், கொமாத்ரெ. பொழைச்சுக்குவா."

என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய தவம் நான் செய்ததில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டிய தேவை இருப்பதாகவே இப்போது தோன்றவில்லை. போவேன். ஆனால் தோன்றவில்லை.

மே 1, திங்கள்

முன்பணம் கட்டியாகிவிட்டது. கேள்விப்படாததற்கு. பொத்தானை அழுத்தும்போது என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டாள், ஆனால் இரண்டடி தள்ளி, என் கை எட்டாத தூரத்தில்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கொண்டுபோய் விட்டு வந்தோம். நான் யாருக்கும் எதுவும் சுட்டுக்கொண்டு போகவில்லை. அவள் அறைத்தோழி கைகொடுத்தாள், நானும் வெறும் கையைத்தான் கொடுத்தேன். மூன்று மணி நேரப் பயணம். வரும்போது நடுவழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி லூர்தும் நானும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். சர்க்கரை நோட்டு வேறு, அதனால் இங்கே எழுதலாம்.

செப்டம்பர் 14, வியாழன்

சாயங்காலம் ஃபோன். ஜசிந்தா அழுகிறாள். வகுப்பில் பேராசிரியர் திடீரென்று அவள் பேரைக் கூப்பிட்டு ஒரு வழக்கைப் பற்றிக் கேட்டாராம். தீர்ப்பு என்ன சொல்லியிருந்ததோ அதற்கு நேர் எதிராகச் சொல்லிவிட்டாளாம், அறுபது பேருக்கு முன்னால். இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாராம்.

"நான் இங்க வந்திருக்கவே கூடாதோ, வவோ?"

'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. உலகத்தில் அதைவிட ருசியானது இல்லை. நாக்கின் நுனிவரை வந்தது.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"எதையாவது சாப்பிடு. நாளைக்கும் கேப்பாரா?"

"கேக்கலாம்."

"கேட்டா?"

"படிச்சிட்டுப் போவேன். பின்ன என்ன பண்றது? நான்தானே வந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "இருங்க... நீங்க சிரிக்கறீங்களா? நான் இங்க அழுதிட்டிருக்கேன், நீங்க சிரிக்கறீங்களா?"

இல்லை என்றேன். நம்பவில்லை, வைத்துவிட்டாள்.

ஒரு பிள்ளை தேம்பி அழும்போது எந்தப் பாட்டியாவது சிரிப்பாளா? ஆனால் எண்ணிப் பார்த்தேன். அந்தக் கல்லூரியை அவளே தேர்ந்தெடுத்தாள், அந்த வகுப்பில் அவளே போய் உட்கார்ந்தாள், அந்தப் பதிலை அவளே தப்பாகச் சொன்னாள். அழுகை முழுக்க அவளுடையது. அதில் என் கை எங்கேயும் இல்லை.

அதற்குத்தான் சிரித்தேன்.